யூசுப் பாய் ஓட்டாத கடைசி ரவுண்டு

1. ஜாம் ஆன முதல் நாள்

ரேஸ் வண்டியில் நான் கை வைத்த முதல் நாளே இன்ஜின் ஜாம் ஆனது.

எழுபதுகளின் கடைசி அது. பொன்னேரியில் தாமோதரன் முதலாளியின் ஒர்க் ஷாப்பில் நான் மெக்கானிக். சொந்த ஊர் கோட்டைக்குப்பம். எங்கள் நைனா பழவேற்காட்டு ஏரியிலும் கடலிலும் மீன்பிடித் தொழில் செய்தவர். எனக்குப் படகில் ஏறினாலே வாந்தி வரும். அதனால்தான் ஸ்பானரைப் பிடித்தேன்.

அப்போது எங்கள் பக்கம் சில வருஷம் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. ஜனங்கள் அதை ரெண்டு லீக் ரேஸ் என்பார்கள். ஏ லீக்கில் பத்துப் பேர், பி லீக்கில் இருபது பேர். தை மாதம் தொடங்கி ஆனி வரை ஆறு ரவுண்டு. எல்லா ரவுண்டிலும் வாங்கிய பாயின்ட்டைக் கூட்டிப் பார்த்து, பி லீக்கில் முதல் இரண்டு பேரை ஏ லீக்குக்கு ஏற்றுவார்கள். ஏ லீக்கில் கடைசி இரண்டு பேரைக் கீழே இறக்குவார்கள். ஏ லீக்குக்குப் போய்விட்டால் மெட்ராஸ் கம்பெனிகள் புது வண்டி கொடுக்கும். ஓட்டுபவரோடு அவருடைய மெக்கானிக்கையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். பி லீக்கில் அவரவர் வண்டி, அவரவர் பாடு.

எங்கள் ஒர்க் ஷாப்புக்கு பி லீக்கில் ஓட்டியவர் யூசுப் பாய். பழவேற்காட்டுக்காரர். ஒரு காலத்தில் கப்பல் வைத்து வியாபாரம் செய்த குடும்பம். அவர் தலையெடுத்தபோது ஐஸ் கம்பெனி லாரி ஓட்டும் வேலைதான் மிச்சம். மீன் ஏற்றிக்கொண்டு தினமும் மெட்ராஸுக்குப் போய் வருவார். என்னைவிட மூன்று வயது பெரியவர்.

பொன்னேரிக்குத் தெற்கே கைவிடப்பட்ட பழைய விமான ஓடுதளத்தில்தான் பிராக்டிஸ். கார்புரேட்டரில் பெட்ரோல் இறங்கும் ஜெட்டை ஒரு நம்பர் சின்னதாக மாட்டிவிட்டேன். மூன்றாவது சுற்றில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு பின்சக்கரம் நின்றுவிட்டது. பாய் சட்டென்று க்ளட்ச்சை அமுக்கியதால் விழாமல் தப்பினார். அரை மைல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அறை விழும் என்று நின்றேன். அவர் தானே ப்ளக்கைக் கழற்றி என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இன்னா கோயிந்து, வெள்ளையா கீது? சுண்ணாம்பு அடிச்சியா?"

ப்ளக் காபித்தூள் நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் பத்தாமல் இன்ஜின் கொதிக்கிறது என்று அர்த்தம். "மன்னிச்சுக்கங்க பாய்" என்றேன்.

"மன்னிப்புலாம் வாணாம். எனக்கு எதுனா ஆயிடுமோன்னு பயந்துகினே வேல செய்யாத, கை நடுங்கும். தப்புன்னு பட்டா என்னாண்ட சொல்லு. அவ்ளோதான்."

அந்த சீசன் முழுக்க அந்த இன்ஜினை வேறு யாரையும் தொட விடவில்லை நான். முதல் ரவுண்டில் இரண்டாவதாக வந்தார். அடுத்ததில் முதலிடம்.

2. எனக்குத் தெரிந்துவிட்டது

மூன்றாவது ரவுண்டில், இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்று பலகையில் எழுதி, மெக்கானிக்குகள் நிற்கும் பிட் ஓரம் நின்று காட்டினேன். கடைசிச் சுற்று என்று தெரியாமலே பாய் மெதுவாக ஓட்டி மூன்றாவதாக வந்தார்.

"பலகைய காட்னியா நீ?"

"நாலு தடவ காட்டினேன் பாய்."

"ஓரத்துல நின்னா எப்டிரா தெரியும்? வளைவுக்கு முன்னாடி, நேரா என் மூஞ்சிக்கு எதுர நில்லு."

நாலாவது ரவுண்டில் அப்படியே நின்றேன். ஜெயித்தார். ஆனால் அதற்குப் பிறகு நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் நீட்டும் டீயை வாங்க மாட்டார்; கோபமோ என்று நினைத்தால், முன்னால் கொண்டுபோனதும் சிரித்துக்கொண்டே வாங்குவார். தரையில் வைத்த டூல் பாக்ஸை இரண்டு தடவை இடறிக் கவிழ்த்தார். பொழுது சாய்ந்தால் லாரி ஸ்டியரிங்கை கிளீனரிடம் கொடுத்துவிடுவார் என்று ஐஸ் கம்பெனியில் சொன்னார்கள்.

ஒருநாள் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். கூடத்தில் அவருடைய தாய்மாமா உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணும் தெரியாதவர். பாயின் மனைவி ஜமீலா அக்கா எனக்கு மீன் வைத்துக்கொண்டே சொன்னார்: "மாமாக்கு பொறந்ததுலேர்ந்து இப்டி இல்ல தம்பி. முப்பது வயசுக்கு மேலதான். மொதல்ல ராத்திரில தெரில, அப்புறம் ஓரத்துல தெரில. எல்லாத்தையும் இடிச்சிகினு நடப்பாராம்."

பாய் தட்டைப் பார்த்தபடி, "சோறு போடு ஜமீலா" என்றார். குரல் மாறியிருந்தது. அவருக்கு அப்போது முப்பத்தொரு வயது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. பி லீக்கில் பாய்தான் முதலிடம். இன்னும் இரண்டு ரவுண்டு. அவர் ஏறினால் நானும் மெட்ராஸ் போவேன். இதை இவ்வளவு வருஷம் கழித்து எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

3. மஞ்சள் கொடி

ஐந்தாவது ரவுண்டு வைகாசியில். எளாவூருக்குக் கிழக்கே ஏரி ஓரம் தண்ணீர் வற்றி, சேறு காய்ந்து, மைதானம் மாதிரி கிடந்தது. அங்கே கொடி நட்டு பாதை போட்டிருந்தார்கள். வெயிலில் உப்பு மினுங்கியது. ஒரு வண்டி போனாலே தூசி எழும்பியது.

எட்டாவது சுற்றில் ஒருவர் சறுக்கி விழுந்தார். வளைவில் நின்ற ஆள் மஞ்சள் கொடியை ஆட்டினார். மஞ்சள் கொடி என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும், யாரையும் முந்தக் கூடாது. முருகேசன் என்று ஒரு விவசாயி, பக்கத்து ஊரில் நெல் பயிரிடுபவர், அன்றைக்கு உதவிக்கு வந்திருந்தார். விழுந்த வண்டியை ஓரமாக இழுத்துக்கொண்டிருந்தார். முன்னால் போன மூன்று பேரும் வேகத்தைக் குறைத்தார்கள். பாய் குறைக்கவில்லை. மூன்று பேரையும் முந்தி அதே வேகத்தில் வந்தார். ஹேண்டில்பார் முருகேசனின் வலது கையில் அடித்தது. அவர் அலறிய சத்தம் இன்ஜின் சத்தத்தை மீறி என் காதில் விழுந்தது.

முழங்கைக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

"தூசில கொடி தெரியல" என்றார் பாய். எல்லோரும் தூசிதான் என்றார்கள். பாயின்ட்டைக்கூடக் குறைக்கவில்லை. வண்டியை லாரியில் ஏற்றும்போது பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முருகேசன் கட்டுப் போட்ட கையோடு தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

"நீ அந்த வண்டிக்கார ஆளுதானப்பா? ஒன்னு கேக்கறேன், சொல்லு. கொடி தெரியல, சரி. இவரு செவப்பு சட்டை போட்டுகினு ஆளு ஒசரம் நின்னாரே, அதுகூடவா தெரியல? மத்த மூணு பேருக்கு எப்டி தெரிஞ்சிது?"

வாங்கிப்போன பழத்தை வைத்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ் எதிரெதிரே நின்றன. ஒன்று பழவேற்காட்டுக்கு. இன்னொன்று பந்தயத்தை நடத்திய கேப்டன் வீட்டுப் பக்கம் போவது. அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாயின் வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்து, உங்களுக்கு ஓரத்தில் கண் தெரியவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கேப்டன் வீட்டுப் பஸ்ஸில் ஏறினேன்.

கேப்டன் முழுவதையும் கேட்டார். "அவருகிட்ட இத பேசினியா?" என்றார்.

"இல்ல சார்."

"ம்" என்றார்.

4. டாக்டரின் விரல்

கடைசி ரவுண்டு அன்று காலை, அதே ஏரி மைதானத்தில், ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் கண் பரிசோதனை என்று அறிவித்தார்கள். யூசுப் பாய் ஒருவருக்காகத்தான் அது என்பது எனக்கும் கேப்டனுக்கும் மட்டும் தெரியும். பந்தலில் எழுத்து அட்டை தொங்கியது. சுற்றிலும் கூட்டம். எங்கள் முதலாளி இருந்தார். ரேஸ் பார்க்க வந்த ஐஸ் கம்பெனி முதலாளியும் இருந்தார்.

பாய் முறை வந்தது. அட்டையின் மேல் வரியிலிருந்து கடைசிப் பொடி எழுத்து வரை தடங்கல் இல்லாமல் படித்தார். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். பாய் சிரித்தார். என் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். நான்தான் சொன்னேன் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

டாக்டர், "நேரா என் மூக்கையே பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் கையை ஓரமாக நீட்டினார். "என் வெரல் தெரிஞ்சதும் சொல்லுங்க."

விரல் பாயின் காதுக்கு நேராக இருந்தது. பாய் ஒன்றும் சொல்லவில்லை. கன்னத்துக்கு நேராக வந்தது. சொல்லவில்லை. பந்தலில் இருந்த எல்லோருக்கும் அந்த விரல் தெரிந்தது. கிட்டத்தட்ட டாக்டரின் மூக்குக்கு அருகே வந்த பிறகுதான், "இதோ, இப்ப தெரியுது" என்றார் பாய், சந்தோஷமாக.

யாரும் பேசவில்லை. அந்த அமைதியைக் கேட்டுத்தான் அவருக்கே புரிந்தது.

"யார் சொன்னது?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிலேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பாய் ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, காய்ந்த சேற்றில் நடந்து ரோட்டுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

"பாய்... பாய்..."

திரும்பவே இல்லை.

அன்றைக்கு எங்கள் முதலாளி அதே வண்டியில் வேறொருவரை ஏற்றினார். ஜெட் மாற்றி, செயின் பார்த்து, எல்லாம் நான்தான் செய்து கொடுத்தேன். பாய் வாங்கி வைத்திருந்த பாயின்ட் பாய் பெயரோடு போய்விட்டது. வண்டி இரண்டாவதாக வந்தது. எங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஏ லீக்குக்கு வேறு இரண்டு பேர் ஏறினார்கள். ஜனங்கள் அவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

முதலாளி டூல் பாக்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ செஞ்சது கரெக்ட்டு கோயிந்து. யாருனா செத்துருப்பான். ஆனா ஒன்னு சொல்றேன், இனிமே உன்னாண்ட எத பேசவும் எனக்கு பயமா இருக்கும்."

அதற்கு மறுநாள் ஐஸ் கம்பெனி பாயிடமிருந்து லாரி சாவியை வாங்கிக்கொண்டது. இது நடக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. ரேஸை மட்டும்தான் நிறுத்துகிறேன் என்று நினைத்திருந்தேன். அது அவருடைய சோறு என்பது என் புத்தியில் ஏறவில்லை.

இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன். ஜமீலா அக்கா கதவைப் பாதி திறந்து, "அவரு தூங்கறாரு தம்பி" என்றார். உள்ளே பாய் இருமுவது கேட்டது. அதன் பிறகு போகவில்லை.

5. பழவேற்காட்டிலிருந்து ஆள் வந்தது

எண்பதுகளில் குப்பங்களில் படகுக்கு மோட்டார் மாட்டத் தொடங்கினார்கள். நான் ஒர்க் ஷாப்பை விட்டுவிட்டு கோட்டைக்குப்பத்திலேயே படகு இன்ஜின் வேலை பார்த்தேன். பாய்க்குச் சுத்தமாகக் கண் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருக்கிறார் என்றார்கள்.

ஒருநாள் காலை ஆள் வந்து, "யூசுப் பாய் உன்ன கூப்புடறாரு" என்றான்.

பாய் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி உள்ளங்கையில் படும் இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. பக்கத்தில் அவருடைய பெண் குழந்தை உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தது. நான் கைக்குழந்தையாகப் பார்த்தது, இப்போது ஒன்பது வயது.

"வா கோயிந்து, குந்து."

எட்டு வருஷம் கழித்து அந்தக் குரல். நான் அழுதுவிட்டேன். "பாய், அன்னிக்கு நான்..."

"இரு. நானே சொல்லிடறேன். நீ என்னாண்ட வந்து சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா எறங்கியிருப்பீங்களா?"

"தெரியாது. உன்ன அடிச்சி தொரத்தியிருப்பேன், இன்னா. ஆனா ராத்திரில ஒக்காந்து யோசிச்சிருப்பேன். ஒருவேள நானே எறங்கியிருப்பேன். அவ்ளோ பேருக்கு முன்னாடி என்ன எறக்கி வுட்டீங்க. அதான்டா."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது போவட்டும். இப்ப ஒரு வேல கீது. ஜமீலா சொல்றா, ரஹீமா வாசப்படில இடிச்சிக்கிறாளாம். கொழந்தைங்க இடிச்சிக்கிறதுதான்னு அவளே சொல்றா. மூணு மாசமா அழுவறா. எனக்கு பாக்க முடியாது. என்னுது யார் கண்ணுக்கும் படல, உன் கண்ணுக்குதான் பட்டுது. பாத்து சொல்லு."

வேண்டாம் என்று எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. ஆனாலும் உட்கார்ந்தேன். குழந்தையிடம் பெயர் கேட்டேன், பாடம் கேட்டேன். சுட்டியாகப் பதில் சொன்னது. அது புத்தகத்தில் இருக்கும்போது, கடலைமிட்டாயைப் பக்கவாட்டில் நீட்டினேன். திரும்பவில்லை. மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். இன்னும் படித்துக்கொண்டே இருந்தது. கிட்டத்தட்ட புத்தகத்தின் மேல் வந்த பிறகுதான், "ஐ, முட்டாயி!" என்று பிடுங்கிக்கொண்டது. இன்னொரு பக்கமும் பார்த்தேன். அப்படியேதான்.

பாய் டியூபைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். கேப்டன் இல்லை, டாக்டர் இல்லை. நான்தான் சொல்ல வேண்டும். குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாய். ஓரத்துல தெரியல. ரெண்டு பக்கமும்."

அவர் கையை உதறவில்லை. "சரி" என்றார். "ஜமீலாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அடுத்த வாரம் மூவரும் குழந்தையை மெட்ராஸ் கூட்டிப்போனோம். மருந்து இல்லை என்றார்கள். வெளிச்சம் இருக்கும்போதே படிக்க வையுங்கள் என்றார்கள். படிக்க வைத்தார்கள்.

என் படகு இன்ஜின் ஒர்க் ஷாப்புக்கு வேலை பழக வரும் பிள்ளைகள் இப்போது என்னிடம் ஜெட் நம்பர் கேட்கிறார்கள், டைமிங் கேட்கிறார்கள். எல்லாம் சொல்லித் தருகிறேன். கூடவே இதையும் சொல்கிறேன்: குறை கண்ணில் பட்டால் மறைக்காதே, நான் இருந்தமாதிரி ஒருவர் கை முறியும் வரை காத்திருக்காதே. ஆனால் அதனால் யார் வாழ்க்கை மாறப்போகிறதோ, முதலில் அந்த ஆளிடம் போ. அவர் அடித்தால் வாங்கிக்கொள். அதற்குப் பிறகும் கேட்கவில்லை என்றால் மேலே போய்ச் சொல். நான் மேலே போனது தப்பில்லை. அன்றைக்குப் பழவேற்காட்டு பஸ்ஸில் ஏறாததுதான் தப்பு.