வட்டத்துக்குள் புள்ளி

உமாமாவின் வலது கைச் சுட்டுவிரல் அவள் எடுத்த பிரதியில் வரியின் அடியில் நகர்ந்தது. இடது கை தாளின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்தது. புத்தகம் தைக்கும் நான், மூலத்தை உரக்க வாசித்தேன். பாட்டு பிசகில்லாமல் ஒத்துப்போனதும், அதன் முடிவிலிருந்த வெற்று வட்டத்துக்குள் நாணல் பேனா ஒரு புள்ளி வைத்தது. கூஃபா நகரின் காகிதக்காரர் தெருவில் உமாமா வைத்த புள்ளியை யாரும் மறுபடி சரிபார்ப்பதில்லை. பிரதி எடுக்க அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. இறந்த புருஷனின் கடையில் கிடந்த பழைய தாள்களைப் பார்த்து எழுதி எழுதியே படித்தாள்.

அது வீரப் பாடல்களின் தொகுப்பு. குலத்தலைவர் ஷைக் நவ்ஃபல் தன் மகன் கல்யாணத்தில் வாசிப்பதற்காக எழுதித் தரும்படி கேட்டிருந்தார். அவருடைய பாட்டனார் பாடியதும் அதில் இருந்தது. அந்தப் பாட்டைச் சரிபார்க்க எடுக்கும் நேரத்தில் அவர் காரியஸ்தர் ஜஹ்வர் வந்து நின்றார்.

"இதுல நாலு வரியை எடுத்துடும்மா. பொழுது சாயற வரைக்கும் எதிரியும் நமக்குச் சமமா நின்னான்னு வருதே, அது."

"பாடினது யாரு?"

"எங்க பெரியவர்."

"அப்ப அவரையே கேட்டுட்டு வாங்க."

"அவர் போய்ச் சேந்து அறுபது வருஷமாச்சு! பொண்ணு வீடு அதே எதிரிக் குலம். அவங்க முன்னாடி நாம சமம்னு வாசிக்கறதா?"

"அந்த நாலு வரி போனா உங்க பெரியவர் யாரோட சண்டை போட்டார்? ஆட்டு மந்தையோடயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமினேன்.

"எடுக்கலைன்னா பெரிய வீட்டு வேலை எதுவும் இனி உன் கடைப் பக்கம் வராது."

"வராட்டி போகுது. வரியை வெட்டிட்டு நான் புள்ளி வைக்க மாட்டேன்."

ஜஹ்வர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"நாலு வரிதானே, உமாமா. கடையை நம்பித்தானே இருக்க?" என்றேன்.

"நீ வாசி."

வாசித்தேன். நாலு வரியும் ஒத்துப்போயின. அந்தப் புள்ளி மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக விழுந்தது.

செந்தோல் அட்டை போட்டுத் தைத்துக் கொடுத்தேன். கல்யாண நாளன்று அவளே எடுத்துப் போனாள்; நானும் கூடப் போனேன். வாசலில் ஜஹ்வர் கை நீட்டினார். "இப்படிக் கொடு."

"கேட்டவர் கையில கொடுக்கறேன்."

அவரைத் தாண்டி நடந்தாள். கூடத்தில் இரண்டு குலத்துப் பெரியவர்களும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். உமாமா அந்த நாலு வரி இருந்த பக்கத்தையே திறந்து, ஷைக் நீட்டிய இரண்டு கைகளிலும் புத்தகத்தை வைத்தாள்.