ஊசி குத்திய நட்சத்திரம்

கோளரங்கத்தில் நட்சத்திரம் காட்டும் இயந்திரத்தை ஓட்டியவருக்குத் தெருவில் ‘வானத்தார்’ என்று பெயர். வீட்டில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. ஒரு வருடம் கல்யாண நாளை மறந்து தொலைத்தார். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மனிதர் அவளுடைய தையல் ஊசியைத் திருடிக்கொண்டு போய், இயந்திரத்தின் உருண்டையில் ஒரு துளை போட்டார். உள்ளே விளக்கு எரிந்தால் துளைக்கு ஒரு நட்சத்திரம். அங்கே ஆகாயம் அவ்வளவுதான்.

மறுநாள் அவளை அழைத்துவந்து காட்டினார்.

“புதுசா கண்டுபிடிச்சிருக்காங்க. நான்தான் சொல்லி உன் பேரை வெக்க வெச்சேன்.”

கூசாமல் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள். அதன்பிறகு உண்மையைச் சொல்ல அவருக்கென்ன பைத்தியமா? கல்யாண நாள்தோறும் அவள் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

அப்போதெல்லாம் வரிசை தெருமுனைவரை நிற்கும். வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்த பிள்ளைகளும் சரி, பெரிய பேராசிரியர்களும் சரி, உபரி நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கவில்லை. பிறகு ஆகாயம் செல்போனுக்குள் வந்துவிட்டது. ஏசிக்காகத் தூங்க வருகிறவர்களே மிஞ்சினார்கள். குறட்டையை வைத்தே வானத்தார் ஆள்கணக்கு சொல்லிவிடுவார். ஏசியும் படுத்துக்கொண்டதும் அரங்கத்தை மூட உத்தரவு வந்தது.

“கடைசிக் காட்சிக்கு வரேன். என் நட்சத்திரத்தை ஒரு தடவை பாத்துடணும்” என்றாள் மனைவி.

வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். வானத்தார் விளக்கை அணைத்தார். நட்சத்திரத்தைக் காணோம்! இயந்திரத்தை எடுத்துப்போகவிருந்த அருங்காட்சியகத்தின் பொறியாளர் முந்தின நாள் வந்திருந்தார். கணக்கில் வராத துளையைப் பார்த்து, பழுது என்று நினைத்து, கறுப்பு மை வைத்து அடைத்துவிட்டார் புண்ணியவான்.

இருபத்திரண்டு வருடப் பொய் இன்றைக்கா சந்தி சிரிக்க வேண்டும்? வானத்தார் சட்டென்று டார்ச்சின் வாயைக் காகிதத்தால் மூடி, நடுவில் ஒரு துளை குத்தி, அந்த இடத்தைப் பார்த்துப் பிடித்தார். ஆகாயம் சுற்றச் சுற்ற, டார்ச்சையும் மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். நாற்பது நிமிடம்! வாய் விளக்கம் சொன்னது, இடது கை இயந்திரத்தை ஓட்டியது, வலது கை மனைவியின் நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

காட்சி முடிந்ததும் அவள் அருகில் வந்தாள்.

“எப்படி இருந்துச்சு உன் நட்சத்திரம்?”

“நல்லாத்தான் இருந்துச்சு. நடுக்கம்தான் ஜாஸ்தி.”

“நட்சத்திரம்னா கண் சிமிட்டத்தானே செய்யும்?”

“இத்தனை வருஷமா சிமிட்டலையே. ஊசியைக் காணோம்னு வீடெல்லாம் தேடினேனே, அன்னைக்கே இது நீங்க குத்தினதுன்னு எனக்குத் தெரியும்.”

வானத்தாருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவள் அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்தாள்.

“காட்டுங்க. ரொம்ப வலிக்குதா?”