ஜெபமாலையில் வாய் தவறியது

அவன் கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்குப் படிக்கப் போன வருடம் எனக்கும் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. "பொம்பளப் பிள்ளைய அவ்ளோ தூரம் விட முடியாது" என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அவன் வீட்டில் பேச்சு வேறு மாதிரி. ஆம்பளப் பிள்ளை நாலு இடம் பார்த்தால்தான் தேறுவானாம். செனாய் விமான நிலையம் வரைக்கும் வேன் வைத்து வழியனுப்பினார்கள். நானும் போனேன், கடைசி இருக்கையில், ஜெபக் கூட்டத்துப் பிள்ளைகளில் ஒருத்தியாக. எல்லோரும் அவன் கையைக் குலுக்கினார்கள். நானும் குலுக்கினேன். அதற்குமேல் எனக்கு உரிமை இல்லை, ஏனென்றால் நாங்கள் காதலிப்பது யாருக்கும் தெரியாது.

எனக்கு பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை கிடைத்தது. காலையில் அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார், மாலையில் அவரே வந்து நிற்பார். மாசாயில் எங்கள் வீடு வரிசை வீடு. பக்கத்து வீட்டில் சீரியல் ஓடினால் எங்கள் வீட்டில் வசனம் கேட்கும். அப்படிப்பட்ட வீட்டில் எங்கே போய்ப் போன் பேசுவது? போன் ஒரு தடவை சத்தம் போட்டால் போதும், "யாரு மெசேஜு?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்பார். அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கிளினிக்கின் பின்படிக்கட்டில், ஏர்கோன் பெட்டிகள் அனல் கக்கும் இடத்தில் நின்று பேசுவேன். அதுதான் எங்களுக்கு வாய்த்த பூங்கா.

முதலில் தினமும் அழைத்தான். பிறகு வகுப்பு, அசைன்மென்ட், கூட்டாளிகளோடு மலையேற்றம். "பிஸி லா, நாளைக்குப் பேசறேன்" என்பான். நாளைக்கு வராது, படம் வரும். கடல், மலை, யாரோ ஒருவன் தோளில் அவன் கை. அவனை நினைத்து ஏங்கினேன் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது. அவனைப் போல நானும் நாலு இடம் பார்த்திருக்கலாம். பல் பிடுங்க வந்தவர்களின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு, அவன் என்னை மறந்துகொண்டிருக்கிறானா என்று யோசித்தபடி நாளெல்லாம் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபரில் ஒரு மதியம் அவனே அழைத்தான். குரலில் உயிரே இல்லை.

"டெங்கி. ஆஸ்பத்திரியில இருக்கேன். டிரிப் போட்டிருக்காங்க. மம்மிகிட்ட மட்டும் சொல்லிடாத. அடுத்த பிளைட்ல வந்து நிப்பாங்க."

"நான் எப்படிச் சொல்லுவேன்?"

"உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

பயமாக இருந்தது. அதே சமயம் சந்தோஷமாகவும் இருந்தது. காய்ச்சலில் கிடப்பவனை வைத்துக்கொண்டு சந்தோஷப்படுகிறவள் என்ன பிறவி என்று என்னையே திட்டிக்கொண்டேன், ஆனாலும் 'உன்கிட்ட மட்டும்' என்ற அந்த வார்த்தையை விட மனம் வரவில்லை. அவன் என்னை மறக்கவில்லை என்பதற்கு என்னிடம் வேறு அத்தாட்சி இல்லை.

அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து, மாதா சுரூபத்தை ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே ஜெபமாலை சொல்வோம். முடிந்ததும் கோப்பியும் மீ கோரேங் நூடுல்ஸும் உண்டு. அதற்காகவே வருகிறவர்களும் உண்டு. அன்று மாலை முறை அவன் வீட்டுக்கு.

கூடத்தில் பாய் விரித்திருந்தது. மாதாவுக்குப் பக்கத்தில் அவனுடைய படத்தையும் வைத்திருந்தார்கள். எனக்குப் பின்னால் அப்பாவும் அம்மாவும். ஜெபத்தை நடத்தியது அவன் அம்மா. ஜெபமாலையின் நான்காவது பத்து மணிகளையும் உருட்டி முடிந்ததும், "படிக்கிற பிள்ளைங்களுக்காக யாராச்சும் சொந்த வார்த்தையில மன்றாடுங்க" என்றவர், வழக்கம்போல என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. உனக்குத்தான் நல்லா வரும்."

நல்லா வரும் என்று பெயர் வாங்கியதுதான் வினை. கண்ணை மூடினேன். கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் தெரிந்தது. தூர தேசத்தில் படிக்கும் பிள்ளைகளைக் காத்தருளும் என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். அப்புறம் அவன் பெயரைச் சொன்னேன். டெங்கிக் காய்ச்சலில் துணைக்கு ஆளில்லாமல் படுத்திருக்கும் அவனுக்கு நல்ல சுகத்தைக் கொடும் ஆண்டவரே என்று முழுசாகச் சொல்லி முடித்தேன்.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவர்களுக்கு உறைத்தது.

ஜெபமாலையைப் பாதியில் நிறுத்த முடியாது. மாதா பார்த்துக்கொண்டிருக்கிறார். அவன் அம்மா குரல் உடைய ஐந்தாவது பத்து மணியைத் தொடங்கினார். அதற்குப் பிறகு மாதாவின் நீண்ட மன்றாட்டுமாலை வேறு. ஒவ்வொரு வரிக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று நானும் சொன்னேன். எழுந்து ஓடவும் முடியாது, அழவும் முடியாது. அப்பாவின் குரல் மட்டும் பின்னாலிருந்து வரவில்லை. முழங்கால் வலியோடு, முதுகில் அத்தனை கண்களோடு, அந்தப் பாயில் மாட்டிக்கொண்டு கிடந்தேன்.

முடிந்ததும் அப்பா கோப்பி குடிக்காமல் வெளியே மோட்டாரிடம் போய்விட்டார். அவன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எத்தன நாளா காய்ச்சல்?" என்று கேட்டார். பெற்ற மகனைப் பற்றி என்னிடம் கேட்கிறோமே என்ற அவமானம் அவர் முகத்தில் தெரிந்தது.

"மூணு நாளா, ஆன்ட்டி."

"போன் போடு."

போட்டேன். அவன் எடுத்ததும் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். "நான்தான்டா" என்றார். அதற்குமேல் அழுகைதான். சமையலறை சின்னது, அவன் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. காய்ச்சல் இறங்கிவிட்டது, கஞ்சி குடித்தேன், டிக்கெட் எல்லாம் போடாதீங்க மம்மி. டாடி எங்கே என்று கேட்டான். நாய்க்குச் சாப்பாடு வைத்தீர்களா என்றும் கேட்டான். அம்மா பேசுவது யாருடைய போனில் என்று அவனுக்குத் தெரியும். கொடுங்கள், பேசுகிறேன் என்று சொல்வான் எனக் கையை அரைகுறையாக நீட்டிக்கொண்டு நின்றேன். "சரி மம்மி, நர்ஸ் வர்றாங்க" என்று வைத்துவிட்டான்.

அவன் அம்மா போனை என்னிடம் கொடுத்தார். நீட்டியிருந்த கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உன்னக் கேட்டான்மா" என்றார். "பத்திரமா இருக்கச் சொன்னான்."

"சரி, ஆன்ட்டி" என்றேன்.

வெளியே வந்து அப்பாவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வீடு வரைக்கும் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், மறைக்க என்னிடம் ஒன்றும் மிச்சம் இல்லை.