சதுப்போரத்து முறுக்கு டப்பா

என் வீட்டுக்காரர் காலமான பிறகும் அவருடைய கைபேசியை நான் அணைக்கவில்லை. தவறாமல் டாப்அப் செய்து, சார்ஜ் போட்டு, அவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். "எதுக்கும்மா இது, வேஸ்ட்லா" என்பாள் மகள். நான் காதில் வாங்கிக்கொள்ள மாட்டேன். அந்தக் கைபேசியில் ஒரு வரைபடம் இருந்தது. அதில் கிள்ளானைத் தாண்டி, கடலோரச் சதுப்புநிலத்தில், அவர் ஒளித்துவைத்த டப்பா ஒரு புள்ளியாகத் தெரியும். காலையில் எழுந்ததும் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் கொதிக்கவைப்பேன்.

ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தைச் செயலியில் குறித்துவிடுவார். மற்றவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடந்துபோய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதலாம். ஒரு சின்னச் சாமானை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பரிசு எதுவும் கிடையாது, கொசுக்கடி மட்டும் தாராளமாக உண்டு. போர்ட் கிள்ளானில் கிடங்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் தோழிகள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். நான் தொப்பி போட்டுக்கொண்டு, நாங்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து இவரோடு ரயிலேறி, உடும்பு ஓடுகிற காட்டில் டப்பா தேடுவேன். முணுமுணுத்துக்கொண்டேதான் போவேன். ஆனால் வரமாட்டேன் என்று ஒரு வாரம்கூடச் சொன்னதில்லை.

தேடிக்கொண்டிருந்தவர், தானும் ஒன்றை ஒளிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தீபாவளிக்கு முறுக்கு போட்டுவைக்கும் என் டப்பாவை, அந்தச் சிவப்பு மூடி போட்டதை, என்னைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். "வேற டப்பாவே கிடைக்கலியா உங்களுக்கு?" என்று கத்தினேன். "இதுதான்லா தண்ணி போகாது" என்றார்.

அவர் தேர்ந்தெடுத்த இடத்துக்கு லேசில் போய்விட முடியாது. கடல்நீர் உள்ளே வராமலிருக்கக் கட்டிய மண்கரைமேல் வெகுதூரம் நடக்க வேண்டும். ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்கள் வேர்களைப் பரப்பிக்கொண்டு நிற்கும் சேறு. கரை முடிகிற இடத்தில் தனியாக ஒரு வாதுமை மரம். அதன் வேர்ச்சந்தில் டப்பாவைச் செருகி, வெளியே தெரியாதபடி முன்னால் ஒரு கல்லை நிமிர்த்தி நட்டார். தள்ளிப்போய் நின்று பார்த்துவிட்டு, "எவனும் கண்டுபிடிக்க மாட்டான்" என்றார்.

"அப்புறம் எதுக்கு வைக்கிறீங்க?" என்றேன். அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மரத்திலிருந்த கொக்கு பறந்துபோனது.

அடுத்த வருடமே சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. நடை நின்றது. டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி கைபேசியைத் தூக்கிப் பிடித்து, யாராவது டப்பாவைக் கண்டுபிடித்தார்களா என்று பார்ப்பார். யாராவது இரண்டு வரி எழுதியிருந்தால் எனக்குப் படித்துக்காட்டுவார். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுவார். கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாளில், உன்னைப் பார்த்துக்கொள், பிள்ளையைப் பார்த்துக்கொள் என்றெல்லாம் சொல்லவில்லை. "டப்பாவப் பாத்துக்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொல்லாமல் விட்டதன் பாரம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் போன பிறகு, டப்பாவைத் தேடிப் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராக 'கிடைக்கவில்லை' என்று பதிய ஆரம்பித்தார்கள். பிறகு செயலியைக் கவனிக்கும் தொண்டர் ஒருவர் அவர் பெயருக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினார். உரிமையாளர் நேரில் போய்ப் பார்த்து டப்பா இருக்கிறதா என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒருமுறை பறிகொடுத்தது போதாதா?

அந்த ஞாயிறு அவருடைய தொப்பியை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். டப்பா போயிருந்தால் வைப்பதற்கு இன்னொரு டப்பாவையும் பையில் எடுத்துக்கொண்டேன். மண்கரைமேல் நடக்க நடக்க முழங்கால் கெஞ்சியது. கடல்நீர் வடிந்து, சேற்றில் நண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. "இங்கதான் வைக்கணுமா? பிரிக்பீல்ட்ஸ்ல மரமே இல்லியா?" என்று அவரை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன். பதில் சொல்ல ஆளில்லாமல் எவ்வளவு நேரம் திட்டுவது? அதற்குமேல் திட்டவில்லை.

தூரத்திலேயே மரத்தில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கிட்டே போனால், மரத்தைச் சுற்றி மஞ்சள் துணி கட்டியிருந்தது. அவர் நட்ட கல்லுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. முன்னால் நறுக்கிய எலுமிச்சம்பழமும் எரிந்து முடிந்த ஊதுவத்திகளும் கிடந்தன. கல்லுக்குப் பின்னால், வேர்ச்சந்தில், என் சிவப்பு மூடி அப்படியே இருந்தது.

இந்த ஊரில் ஒரு கல்லை நிமிர்த்தி வைத்தால் மறுவாரம் அதற்குக் கூரை போட்டுவிடுவார்கள் என்று கேலி பேசியவரே இவர்தான். கோயில் வாசலில் என்னை இறக்கிவிட்டு, காரிலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ரகம். அப்படிப்பட்டவர் தன் கையாலேயே ஒரு சாமியை நட்டுவிட்டுப் போயிருக்கிறார். சிரிக்கத்தான் வாய் திறந்தேன். கண்ணீர்தான் வந்தது.

டப்பாவை எடுக்கக் குனிந்தேன்.

"ஆன்டி! தொடாதீங்க, சாமி பெட்டி அது!"

ஒரு பெண் பூக்கூடையோடு கரைமேல் வந்துகொண்டிருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"தொறந்து பாத்ததில்லியாம்மா?" என்று கேட்டேன்.

"சாமி பெட்டிய யாராச்சும் தொறப்பாங்களா? எங்க மச்சான் நண்டு புடிக்க வருவாரு, அவர்தான் பாத்தாரு. எங்கிருந்தோ ஆளுங்க நடந்து வருவாங்களாம், வெள்ளக்காரங்ககூட. இந்தக் கல்லு முன்னால குனிஞ்சு எதையோ வச்சிட்டு, சிரிச்ச முகமா போவாங்களாம். சும்மாவா ஆன்டி வருவாங்க?"

அந்த ஆட்கள் ஏன் 'கிடைக்கவில்லை' என்று பதிந்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பூவும் பொட்டுமாக இருக்கும் கல்லை நகர்த்திப் பார்க்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

அவள் பழைய மாலையை எடுத்துவிட்டுப் புதியதைச் சாத்தினாள். புருஷன் லோரி ஓட்டுகிறவனாம். இப்போது வேலைக்குப் போக முடியாமல் டயாலிசிஸில் இருக்கிறானாம். "இங்க வர ஆரம்பிச்சதுலேர்ந்து தேவலை ஆன்டி. போன வாரம் வாசல் வரைக்கும் நடந்தாரு" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வாசல் வரைக்கும் இவரும்தான் நடந்தார்.

அது என் முறுக்கு டப்பா என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"நீங்க யாருக்கு வேண்டிக்க வந்தீங்க?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"என்ன செய்யுது அவருக்கு?"

"கிட்னி."

அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லிலிருந்த குங்குமத்தை விரலில் தொட்டு, என் தொப்பியைத் தூக்கி, நெற்றியில் வைத்துவிட்டாள். தடுக்கத் தோன்றவில்லை. அவரை எடுத்த நாளிலிருந்து நான் பொட்டு வைத்ததில்லை.

"அடுத்த வாட்டி அங்கிளையும் கூட்டிட்டு வாங்க."

"சரிம்மா" என்றேன்.

ரயிலில் உட்கார்ந்து அவருடைய கைபேசியைத் திறந்தேன். டப்பா இருக்கிறது என்று எழுதினால், யாராவது வந்து கல்லைப் பெயர்த்து, அந்தப் பெண்ணின் கண்ணெதிரே மூடியைத் திறப்பார்கள். நானே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டேன். உறுதியா என்று செயலி கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். புள்ளி போய், அங்கே வெறும் பச்சை மட்டும் இருந்தது. ரயிலில் இத்தனை பேர் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

வீட்டில் மகள் கதவைத் திறந்ததும் என் நெற்றியைப் பார்த்தாள். "என்னம்மா இது?" என்றாள்.

"அப்பா டப்பா பத்திரமா இருக்கு" என்றேன்.