மிதியடியில் விழுந்த தடம்

சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் வணிக வளாகம். பராமரிப்பு என் பொறுப்பு. லிஃப்ட் நின்றுபோனாலும், குழாய் ஒழுகினாலும், ஏசிக்குள் எலி புகுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முதல் மாடி முழுக்க ஜவுளிக்கடை. அதற்கு மேலே ஒரு வங்கிக் கிளை, ஸ்கேன் சென்டர், பல் மருத்துவமனை, உச்சியில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம். இத்தனை இடங்களுக்கும் ஒரே வாசல்.

அந்த வாசலில் ஒரு பெரிய மிதியடி உண்டு. ஒரு சின்ன அறையின் அகலம் இருக்கும், நீளம் வாசலிலிருந்து லிஃப்ட் வரைக்கும் போகும். தரையில் பள்ளம் எடுத்து, அதற்குள் அலுமினியப் பட்டைகளை வரிசையாகக் கம்பியில் கோத்துப் பதித்திருப்பார்கள். ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் முரட்டுக் கம்பளம் செருகியிருக்கும். கால் மண்ணைக் கம்பளம் வழித்துக்கொள்ளும், மண் பட்டைகளுக்கு இடையில் கீழே விழுந்துவிடும். கட்டடம் திறந்த நாளிலிருந்து அது அப்படியே கிடந்தது. கம்பளத்தின் நிறம் என்னவாக இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. நடுவில் தேய்ந்து, வழுக்கை விழுந்து, பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். பெரிய மனிதர்கள் யாராவது வந்தால் அந்த இடத்தை மறைத்தாற்போல் நின்றுகொள்வேன்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒரு நாள், இடுப்பில் குழந்தையோடு வந்த பெண்ணின் செருப்பு, நுனி தூக்கிக்கொண்டிருந்த பட்டை ஒன்றில் மாட்டியது. குழந்தையை விடாமல் பிடித்தபடி முழங்கால் தரையில் பட உட்கார்ந்துவிட்டாள். பெரிதாக அடியில்லை. குழந்தை அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. ஆனால் கட்டட உரிமையாளர் அன்று மாலையே என்னை அழைத்தார்.

"அந்தக் கருமத்த எடுத்து எறிஞ்சுட்டு ரோல் மேட் வாங்கி ஒட்டீருங்க. ஒரு மணி நேர வேலை."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இருந்தாலும், மிதியடி வேலை செய்யும் ஒரு தம்பதியை வரவழைத்துக் காட்டினேன். ஜலகண்டாபுரத்துக்காரர்கள். ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று எல்லா இடத்துக்கும் சரக்கு ஆட்டோவில் சாமான்களைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள். கணவர் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அந்த அம்மா பேசுவார். குனிந்து ஒரு பட்டையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"அலுமினியம் கல்லாட்டம் இருக்குதுங்க அக்கா. உள்ள இருக்கற கம்பளந்தான் செத்துப்போச்சு. அத மட்டும் உருவிட்டு புதுசு செருகிக்கலாமுங்க. இத எதுக்குங்க தூக்கி எறியோணும்?"

உரிமையாளரிடம் பேசிச் சம்மதம் வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைகள் திறப்பதற்கு முன்பே மிதியடியைக் கிளப்பினார்கள். ஒவ்வொரு பட்டைக்கும் சாக்பீஸால் எண் போட்டு, கம்பியை உருவி, பின்பக்க வாகன நிறுத்தத்தில் கொண்டுபோய் அடுக்கினார் கணவர். அந்த அம்மா பள்ளத்துக்குள் இறங்கி மண்ணை அள்ளப் போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, இங்க வந்து பாருங்களேன்."

பள்ளத்தின் அடியில் கிடந்ததை மண் என்று சொல்ல முடியாது. ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார், அது பாய்போல மொத்தமாக எழுந்து வந்தது. துணிகளிலிருந்து உதிர்ந்த பஞ்சு, நூல் பிசிறு, தலைமுடி எல்லாம் சேர்ந்து, வருஷக்கணக்கில் மிதிபட்டு மிதிபட்டு, கெட்டியான ஒரு விரிப்பாகவே ஆகியிருந்தது. நான் அம்மாபேட்டையில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். துணி எப்படி உண்டாகும் என்று எனக்குத் தெரியும். பாவு நூலும் இல்லாமல் ஊடு நூலும் இல்லாமல், யாரும் உட்கார்ந்து நெய்யாமல், நடந்து போனவர்களின் காலடியிலேயே ஒரு துணி உண்டாகிக் கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதன்மேல் மண் அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. ஆத்தூர்ப் பக்கத்துச் செம்மண்ணாக இருக்கலாம், ஒரு வரி சிவந்திருந்தது. இன்னொரு வரி சுண்ணாம்புபோல வெளுத்து நைசாக இருந்தது. அதை விரலில் தேய்த்துப் பார்த்த கணவர் அன்று பேசிய ஒரே வார்த்தை இதுதான்.

"பாறைத்தூளுங்க."

ரிக் வண்டியில் போர்க்கிணறு போடுகிறவர்களின் காலில் வந்ததாக இருக்கும். வங்கிக்கு அவர்கள் வந்தபடியே இருப்பார்கள். விரிப்பை மூவருமாகப் பிடித்து வெளியே எடுத்து வைத்தோம். இதைக் குப்பைத் தொட்டியில் போடுவதா என்றுகூட எனக்கு ஒரு கணம் தோன்றியது. போட்டோம், வேறு என்ன செய்வது?

கம்பளம் வெட்டிச் செருக நாலைந்து நாளாகும் என்றார்கள். அதுவரை பள்ளத்தின் மேல் தரைமட்டத்துக்குச் சரியாக பிளைவுட் பலகைகளைப் போட்டு மூடினோம்.

மறுநாள் காலை வாசலில் நின்று பலகை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வங்கியில் வேலை செய்யும் ஒருவர் வந்தார். பார்வை இல்லாதவர். திருச்செங்கோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வாசலுக்கு வெளியே வரைக்கும்தான் கோலைத் தட்டிக்கொண்டு வருவார். உள்ளே நுழைந்ததும் அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூடத்தின் நடுவில் நிற்கும் தூணில் இடிக்காமல், நேராக லிஃப்டுக்குப் போய்ப் பொத்தானை அமுக்குவார். அதைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அவருக்கு நிழல்போலக் கொஞ்சம் தெரியும்போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அவர் பலகையில் ஒரு காலை வைத்தார். எடுத்துவிட்டார். கோலால் தட்டினார். பிறகு திரும்பித் தெருவுக்கே போய்விட்டார். வாசலில் பூ விற்கும் பெண்ணிடம் அவர் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஏனுங்க, பேங்க் இருக்கற பில்டிங் இதுதானுங்களே?"

ஓடிப்போய் என்னை இன்னார் என்று சொல்லிக்கொண்டேன். "இதுதான் சார். மிதியடிய மட்டும் வேலைக்காக எடுத்திருக்கோம். வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "பயந்தே போயிட்டேனுங்க. கால வெச்சா வேற ஊடு மாதிரி இருக்குது." சிரித்தார். லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது, கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"மேடம், புதுசு போட்டா அந்தப் பள்ளம் போயிருமுங்களா?"

"எந்தப் பள்ளம் சார்?"

"மேட்டுல நடுவால தேஞ்சு ஒரு தடம் இருக்குமுங்களே. ரெண்டு பக்கமும் கம்பளம் கொஞ்சம் மேடா, மெத்துனு இருக்கும். நடுவுல வழவழன்னு பள்ளம். செருப்புக்குள்ள இருந்தே தெரியுமுங்க. அதுல போய் நின்னா லிஃப்ட். இத்தன வருஷமா அதுலதானுங்க போயிட்டு இருக்கேன்."

லிஃப்ட் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். மறைத்து மறைத்து வைத்த அந்த வழுக்கையை ஒரு மனிதர் சாலையாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை ஆயிரம் பேர் துணி வாங்கவும் பல் பிடுங்கவும் கடன் கேட்கவும் அவசர அவசரமாக அதில் நடந்திருப்பார்கள். ஒருவருக்கும் தெரியாமல் எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

உடனே மிதியடிக்கார அம்மாவுக்குப் போன் செய்தேன். "பழைய கம்பளத்த உருவிட்டீங்களா?"

"இல்லீங்க அக்கா, அங்கதான் அடுக்கிக் கெடக்குது. கழுவி உட்டிருக்கோம். என்னாச்சுங்க?"

விஷயத்தைச் சொன்னேன். "வாரேனுங்க" என்றார்.

மதியத்துக்குள் இருவரும் வந்துவிட்டார்கள். வாகன நிறுத்தத்தில் இரண்டு காரை நகர்த்தச் சொல்லி இடம் பண்ணினேன். சாக்பீஸ் எண்கள் கழுவினதில் பாதி அழிந்திருந்தன. ஆனால் தேய்மானமே வரிசை சொன்னது. ஒரு பட்டையின் வழுக்கை முடிந்த இடத்திலேயே அடுத்த பட்டையின் வழுக்கை தொடங்கியது. எல்லாவற்றையும் பரப்பியபின் நான் முதல் மாடி ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தேன்.

வாசல் பக்கம் அகலமாகத் தொடங்கி, போகப் போகக் குறுகி, கூடத்துத் தூண் வரும் இடத்தை விட்டு விலகி, இடதுபக்கமாக ஒரு அழகான வளைவு. அளந்து வரைந்தாலும் அப்படி வராது. அந்த அம்மாவும் மேலே ஏறி வந்து என் பக்கத்தில் நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வத்துன ஆத்துல தண்ணி போன தடமாட்டம் இருக்குதுங்க அக்கா."

என்ன செய்யலாம் என்று அவர்களே யோசித்தார்கள். எல்லாப் பட்டையிலும் முழுசாகக் கம்பளம் செருகாமல், வழுக்கை இருந்த அளவுக்கு மட்டும் நடுவில் வரிவரியான ரப்பரையும், அதன் இரண்டு பக்கமும் கம்பளத்தையும் செருகுவது. கம்பளத்தைவிட ரப்பர் ஒரு துளி தாழ்ந்து இருக்கும், கெட்டியாகவும் இருக்கும். ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியாக அளந்து வெட்ட வேண்டிய வேலை. அந்த வளைவு ஒரு விரல் அளவுகூடப் பிசகக் கூடாது என்று கணவர் தரையில் மண்டியிட்டு, பழைய கம்பளத்தின் மேலேயே வைத்து வைத்து வெட்டினார். உரிமையாளர் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க வாயெடுத்தவரை மாடி ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்தார். இறங்கிப் போனார், பிறகு எல்லோருக்கும் டீ வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிதியடி மறுபடியும் பள்ளத்தில் உட்கார்ந்தது. சாம்பல் நிறக் கம்பளத்துக்கு நடுவில் கருப்பாக ஒரு ரப்பர்ப் பாதை. மறுநாள் காலை தம்பதி இருவரும் வேறு வேலைக்குப் போகும் வழியில் ஆட்டோவை நிறுத்திவிட்டு என்னோடு வாசலில் வந்து நின்றுகொண்டார்கள். திருச்செங்கோட்டு பஸ் வரும் நேரம் எனக்குத் தெரியும்.

அவர் வந்தார். கோலால் வாசல்படியைத் தட்டினார். முதல் பட்டையில் கால் வைத்ததும் நின்றார். காலை இடதும் வலதுமாக மெல்ல நகர்த்திப் பார்த்தார். பின்னால் வந்த கல்லூரிப் பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பிறகு கோலை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். தூணுக்கு முன்பே இடதுபக்கம் வளைந்து, கூட்டத்தில் யார் மேலும் படாமல் போய் லிஃப்டுக்கு முன்னால் நின்றார்.

அந்த அம்மாவுக்கு அடக்க முடியவில்லை. "கரெக்டா வளைஞ்சுட்டீங்க சாமி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு குழப்பம்.

"எங்கீங்க வளைஞ்சேன்? நேராத்தானுங்களே வந்தேன்?"

வளைவு இருப்பதே அவருக்குத் தெரியாது. தூணைச் சுற்றி இருக்கிறது என்று நான் விளக்கினேன். இப்படி ஒரு தூண் நடுவில் நிற்பதையே அன்றுதான் கேள்விப்படுவதாகச் சொன்னார். லிஃப்ட் வந்தது, அதை விட்டுவிட்டார். தூணைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தூணின் மேல் வைத்தார். இரண்டு உள்ளங்கையாலும் தடவிக்கொண்டே அவர் அதை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தார்.

"இத்தன பெருசா!" என்றார்.