இரண்டாம் வரிசைக்கு வந்த இன்னொரு தட்டு

மஸ்கட் போய்வந்தது ஊர் பார்க்க அல்ல, விமானத்தில் சாப்பிட. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

சென்ற மாதம் கரமனை வீட்டில் என் மனைவி சரசாவின் முதல் வருஷ திவசம். மஸ்கட்டில் வேலை செய்யும் பையன் வந்து செய்தான். பிண்டத்தை வெளியே வைத்தோம். மூன்று காக்கைகள் மதிலில் வந்து உட்கார்ந்தன, தொடவில்லை. "மாமிக்கு ஏதோ மனக்குறை இருக்கு. என்னன்னு வாய்விட்டுச் சொல்லி வேண்டிக்கோங்கோ" என்றார் வாத்தியார். பையனுக்குக் கல்யாணம் பண்ணுகிறேன் என்றேன், ராமேஸ்வரம் போகிறேன் என்றேன். மூன்றும் அசையாமல் என்னையே பார்த்தன. முக்கால் மணி நேரம் கழித்து எழும்பிப் போய்விட்டன.

அவள் குறை எனக்குத் தெரியும். பதினொரு வருஷமாக விமானச் சாப்பாட்டுக்கு மார்க் போட்டு எழுதுகிறேன். பிசினஸ் வகுப்பில் நான் உட்காருவேன், சரசா பின்னால் எகானமியில். இரண்டு பேருக்குக் கட்டுப்படியாகாது என்பேன். "எனக்கும் ஒருநாள் அங்க ஒரு தட்டு வைக்கச் சொல்லுங்கோளேன்" என்பாள். பையனும் வாத்தியாரும் நிற்கும்போது இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த பிசினஸ் வகுப்பிலேயே போய் உட்கார்ந்து சொல்லிவிடலாம் என்று டிக்கெட் போட்டேன்.

போகும்போது எகானமி, 13,400 ரூபாய். கரமனையிலிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோ 25 நிமிடம், 260 ரூபாய். எங்கள் வீட்டில் வெங்காயம், பூண்டு கிடையாது. டிக்கெட் போடும்போதே ஜெயின் மீல் என்று குறித்துவிட வேண்டும். இப்படிச் சொல்லிவைத்த சாப்பாடு மற்றவர்களுக்கு முன்னால், இருக்கை எண் பார்த்து வரும். வந்தது: இரண்டு இட்லி, கைப்பிடி உப்புமா, சுவரில் அடித்தால் சுவர் உடையும் ஒரு பன். ஆனைப் பசிக்குச் சோளப்பொரி. பத்துக்கு நான்கு.

பையனோடு இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பும்போது வேறு நிறுவனம், பிசினஸ், 46,200 ரூபாய். காலை 10.20க்குக் கிளம்பியது. எனக்கு 2A. பக்கத்தில் 2B காலி.

ஒரு மணி நேரத்தில் பணிப்பெண் வந்தாள், கொல்லத்துக்காரி. கையில் இரண்டு தட்டு.

"சாரே, ரெண்டு ஜெயின் மீல் உண்டு. அம்மா எங்கே போயி?"

"நான் ஒருத்தன்தாம்மா."

"லிஸ்டில் 2B-யும் உண்டல்லோ. வெச்சிட்டுப் போறேன், அம்மா வரட்டே."

பழைய பயண விவரம் ஏதாவது கணினியில் ஒட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இந்த நிறுவனத்தில் சரசா ஒருமுறைகூடப் பறந்ததில்லை.

சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. பீங்கான் தட்டு, சூடான சாதம், அவியல், கெட்டித் தயிர், சின்னக் கிண்ணத்தில் பால் பாயசம். பத்துக்கு எட்டரை. பக்கத்துத் தட்டைப் பார்க்காமல் மெதுவாக, "சரசா, தட்டு வெச்சாச்சு. சாப்பிடு" என்றேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தேன். எப்போது கண் அசந்தேனோ தெரியாது.

விழித்தபோது 2B-யில் தட்டு இல்லை. என் மேஜையில் என் காலித் தட்டு, பக்கத்தில் இரண்டு கிண்ணங்கள். ஒன்று நான் குடித்துக் காலியானது. மற்றதில் பாயசம், தொடாமல்.

சரசாவுக்குச் சர்க்கரை வியாதி. பின்னால் உட்கார்ந்து வரும் ஒவ்வொரு முறையும், தன் தட்டில் வந்த இனிப்பைக் காகிதத்தில் மடித்துவைத்து, பெட்டி வரும் இடத்தில் என் கையில் கொடுப்பாள்.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "இதை நீயாம்மா வெச்ச?" என்றேன்.

"இல்ல சாரே. நான் அம்மாவோட தட்டு மட்டும்தான் எடுத்தது. அம்மா சாப்பிட்டு முடிச்சிருந்தாங்க."

"நீ பாத்தியா அவங்கள?"

அவள் 2B-யைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தட்டு காலியாயிருந்தது சாரே" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள். இறங்கும்வரை அவள் எங்கள் வரிசைப் பக்கம் வரவில்லை. பாயசத்தைக் குடித்தேன். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் குடித்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜெயின் மீல் வேண்டுமென்றால் 48 மணி நேரம் முன்பே சொல்லுங்கள். மூன்றரை மணி நேரப் பயணத்துக்கு, வெறும் சாப்பாட்டுக்காக என்றால் பிசினஸ் வேண்டாம். காசுக்குப் பிடித்த கேடு. காலை விமானத்தில் சாப்பாடு நன்றாகச் சூடாக வருகிறது.

இன்னொன்று. கட்டுப்படியாகாது என்று மேலே எழுதினேனே, அது முழு உண்மை இல்லை. நாங்கள் சேர்ந்து போன கடைசிப் பயணத்தில் இரண்டு பேருக்கும் எகானமிதான்; செக்-இன் கவுண்டரில் ஓர் இடத்தை இலவசமாக பிசினஸுக்கு மாற்றித் தந்தார்கள். போர்டிங் பாஸில் இருந்தது சரசாவின் பெயர். "கட்டுரை எழுதணுமே" என்று சொல்லி, அவள் இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன்.