தட்டில் இல்லாத வெள்ளணுக்கள்

ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் தொழில். ரிப்போர்ட்டுக்காகக் கவுண்டருக்கு வெளியே காத்துக் கிடந்தவர்களே, உள்ளே அதை அடித்துக் கொடுப்பவளுக்கும் உங்களைப் போலவே கவலை உண்டு.

வீட்டில் கேட்டது

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அம்பத்தூரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் சேர்ந்த அன்று, அப்பா மேனாம்பேட்டில் தெருவுக்கே லட்டு கொடுத்தார். பிறகுதான் என்ன வேலை என்று கேட்டார். நோயாளியின் ரத்தத்திலிருக்கும் கிருமியைத் தீனி போட்டு வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்போம் என்றேன். சோற்றில் கை வைத்தபடி யோசித்தார்.

"வளத்துட்டு ஏம்மா சாவடிக்கிறீங்க? மொதல்லயே சாவடிக்கக் கூடாதா?"

மெல்லிய புகை

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து அருள்தாஸ் என்ற ஃபிட்டர் வந்து சேர்ந்தார். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் வெள்ளணுக்கள் அநேகமாக இல்லாமல் போயிருந்தன. அந்த நேரம் பார்த்து ரத்தத்தில் ஈஸ்ட் பூஞ்சை புகுந்து, விடாத காய்ச்சல்.

பூஞ்சை தடவிய தட்டில் மருந்து வில்லையை வைத்தேன். மறுநாள் வில்லையைச் சுற்றி வெற்று வட்டம்; மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்குள் புகைபோல மெல்லிய வளர்ச்சி. அந்தப் புகையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் பயமாக இருந்தது. சீனியர் டெக்னீஷியன் தயாளன் அண்ணனிடம் காட்டினேன்.

"இந்த மருந்து அத்த வளராம நிறுத்தும், அவ்ளோதான். மிச்சத்த வெள்ளணு துன்னுடும். மருந்து கேக்கும்னு போடும்மா, இன்னாத்துக்கு நடுங்கினு கீறே?"

கவுண்டரில்

அண்ணன் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். மருந்து ஏறியும் காய்ச்சல் இறங்கவில்லை. அருள்தாஸின் மனைவி ஸ்டெல்லா அக்கா ரிப்போர்ட்டோடு வந்து நின்றார். மறைக்காமல் சொன்னேன்: தட்டில் மருந்தும் பூஞ்சையும் மட்டும்தான். உடம்பில் மருந்து அடக்கி வைப்பதை வெள்ளணுக்கள் தின்று முடிக்க வேண்டும். அவை இவரிடம் இல்லை.

"அப்ப நீ எழுதினது தட்டுக்குத்தானே பாப்பா, எங்க வீட்டுக்காரருக்கு இல்லியே?"

டாக்டருக்கு போன்

தயங்கித் தயங்கி அருள்தாஸைப் பார்க்கும் டாக்டரை அழைத்தேன். அவர் ஏற்கெனவே மருந்தை மாற்றியிருந்தார். புதியது பூஞ்சையின் சுவரையே உடைக்குமாம். சுவருக்குள் மறைந்திருக்கும் ஒரு சர்க்கரைப் பொருள் வெளியே தெரிந்து, இது எதிரி என்று வெள்ளணுக்களுக்கு அடையாளமும் காட்டுமாம்.

"காட்டிக் குடுக்கற மருந்துதாம்மா. ஆனா புடிக்கறதுக்கு போலீஸ் வரணுமே?"

காலைத் தேடல்

தினமும் காலையில் அருள்தாஸின் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி வெள்ளணு தேடுவார் தயாளன் அண்ணன். வெறும் சிவப்பணுக்கள். ஒரு காலை "வந்துட்டான்யா ஒருத்தன்!" என்று கத்தினார். நானும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஊதா நிற உட்கருவோடு ஒரே ஒரு வெள்ளணு.

பிறகு கூடிக்கொண்டே போயின. காய்ச்சல் இறங்கியது. புதிதாக எடுத்த ரத்தத்தில் எதுவும் வளரவில்லை. அந்த ரிப்போர்ட்டை நானே வார்டுக்குக் கொண்டுபோனேன். ஸ்டெல்லா அக்கா பர்ஸைத் தேடிக்கொண்டிருந்தார். காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அத அப்பிடி வை பாப்பா. ரெண்டு இட்லி வேணும்னு அவரே வாயத் தொறந்து கேட்டாரு. கேன்டீன் மூடறதுக்குள்ள ஓடணும்."

நாங்கள் எவ்வளவு சரியாக எழுதிக் கொடுத்தாலும் மிச்ச வேலையை நோயாளியின் உடம்புதான் செய்கிறது, சம்பளம் மட்டும் எங்களுக்கு வருகிறது.